ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தேன்மொழியை என்ன செய்வது?

பாதிநாவல் பார்வதி கேட்டது:

வணக்கம். ஒரு நாவலில் நடுவழியில் நிற்கிறேன். எழுதுகிறவர்களும் நிறையப் படிக்கிறவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். விஷயம் கொஞ்சம் கனமானது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பற்றியது. இப்போது அதைப் படிக்கும் மனநிலையில் இல்லாதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

கதை 2019இல் கரூரில் நடக்கிறது. தேன்மொழிக்கு வயது 17, பிளஸ் டூ. அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அம்மாவுக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் திரைச்சீலை, மேசை விரிப்பு. 12 வயதில் நெருங்கிய உறவினர் ஒருவர் தேன்மொழியிடம் நடந்துகொண்ட விதம் வீட்டில் யாருக்கும் தெரியாது. 14 வயதில் கையைக் காயப்படுத்திக்கொள்ளத் தொடங்குகிறாள். சாக வேண்டும் என்றல்ல. உள்ளே இரைச்சல் தாங்க முடியாமல் போகும்போது அது கொஞ்ச நேரம் அடங்குகிறது, அவ்வளவுதான். மூன்று வருடம் மறைத்து வைத்து, ஒரு நாள் கைமீறிப் போய், அரசு ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரி மூன்று அத்தியாயம். அதில் எனக்குக் கவலை இல்லை. பக்கத்துக் கட்டில் பாட்டி தானாகவே பேசிக்கொண்டு போகிறாள். சிக்கல் டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான். வெளியே வந்ததும் கதை படுத்துவிடுகிறது. தேன்மொழி மாத்திரை போடுகிறாள், தூங்குகிறாள். அம்மா வேலைக்குப் போவதா வேண்டாமா என்று வாசலில் நின்று தவிக்கிறாள். இதையே 150 பக்கம் யார் படிப்பார்கள்?

நண்பர்களிடம் கேட்டேன். ஒருவர் காதல் என்றார். ஒரு பையன் வருவான், தழும்புகளைத் தொட்டுப் பார்ப்பான், இவள் அழுவாள். எனக்குக் குமட்டியது. இன்னொருவர் பழிவாங்கச் சொன்னார். கைத்தட்டல் கிடைக்கும்தான், ஆனால் அந்தப் பெண் தேன்மொழி இல்லை. மூன்றாமவர், அவள் ஓவியம் வரையத் தொடங்கட்டும், கலை அவளைக் காப்பாற்றட்டும் என்றார். தேன்மொழி உயிரியல் ரெக்கார்டு நோட்டுக்கே பக்கத்து பெஞ்ச் பெண்ணிடம் கெஞ்சி வரைந்து வாங்குகிறவள். அவளுக்கு எங்கே ஓவியம்?

பதிப்பகத்தில் கேட்பது வேறு. காயப்படுத்திக்கொள்ளும் காட்சியை விரிவாக எழுதுங்கள், வாசகன் அதிர வேண்டும் என்கிறார்கள். எனக்குக் கை வரவில்லை. அது என் கோழைத்தனமா, இல்லை சரியான தயக்கமா என்று தெரியவில்லை.

நிஜத்தில் வீட்டுக்கு வந்தபின் என்னதான் நடக்கும்? ஒரு பெண் தேறிவருகிறாள் என்பதை யாரும் பிரசங்கம் செய்யாமல் எப்படிக் காட்டுவது?


வார்டு சிஸ்டர் எழுதியது:

பார்வதி, நான் அரசு ஆஸ்பத்திரியில் மனநல வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நாவல் எழுதத் தெரியாது. படிப்பேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது கதையைப் பற்றி அல்ல, போலீஸைப் பற்றி.

தேன்மொழிக்கு 17. ஆஸ்பத்திரியில் டாக்டரிடமோ என்னைப் போன்ற நர்ஸிடமோ அந்த உறவினர் விஷயத்தை அவள் வாய் திறந்து சொல்லிவிட்டால், நாங்கள் அதை எங்களுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு அப்படி. தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை. குழந்தைகள் நலக் குழு வரும், வாக்குமூலம் வரும். ஆகவே உங்கள் மூன்று அத்தியாயத்தில் அவள் சொன்னாளா இல்லையா? சொன்னாள் என்றால் மீதி 150 பக்கமும் அதுதான், நீங்கள் தேட வேண்டியதே இல்லை. சொல்லவில்லை என்றால் ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, "நெருங்கிய உறவினர்" என்று மழுப்புகிறீர்கள். யார் அவன்? சித்தப்பாவா, தாய்மாமனா? நம் வீடுகளில் இரண்டும் ஒன்றில்லையே. தாய்மாமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வயதில் நடந்தது. 13 வயதில் அவள் பெரிய மனுஷி ஆகியிருப்பாள். மஞ்சள் நீராட்டுக்குத் தட்டுத்தட்டாகச் சீர் கொண்டு வந்தது யார்? அவளுக்கு மாலை போட்டது யார்? அந்த ஆல்பம் இன்னும் அந்த வீட்டு பீரோவில்தான் இருக்கும். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அம்மா எடுத்துக் காட்டுவாள். அவள் அண்ணனோ தம்பியோதானே, அவளுக்குப் பிறந்த வீட்டில் மிச்சம் இருக்கிற ஒரே ஆளாகக்கூட இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு கதை படுத்துவிட்டது என்கிறீர்கள்!

வார்டு பற்றி ஒன்று. வெளிநாட்டு நாவல்களில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். எங்கள் வார்டில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பாள். பெண் என்ன பேசினாலும் அம்மா காதில் விழும். காயத்தோடு வந்ததால் முதலில் கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டில் பதிவு, போட்டிருப்பார்கள், ஆஸ்பத்திரிப் புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் போயிருக்கும். அப்பா அதை நினைத்துத்தான் பயந்திருப்பார், பெண்ணை நினைத்து அல்ல. முதல் நாள் பெரும்பாலும் அப்படித்தான். "கேஸ் ஆகிடுமா சிஸ்டர்?" என்றுதான் கேட்பார்கள். 2018இலிருந்து நடைமுறையில் இருக்கிற மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக்கூட கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இவள் அதற்குக்கூட முயலவில்லை. நாங்கள் சொன்னாலும் அப்பாக்கள் நம்ப மாட்டார்கள்.

சரி, வீடு. கூர்மையான பொருள் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். உங்கள் அம்மாவோ தையல்காரி. வீடு முழுக்க அவள் தொழில்தான் கிடக்கும். எல்லாவற்றையும் பீரோவில் வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். காலையில் வெங்காயம் நறுக்கச் சாவியைத் தேடுவாள். பாத்ரூம் தாழ்ப்பாளை அப்பா கழற்றிவிடுவார். 17 வயதுப் பெண்ணுக்குத் தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூம்! அவளுக்கு என்ன நடந்தது என்று தெரியாத அப்பா அல்லவா, அவர் நல்லது செய்வதாகத்தான் நினைப்பார். மாதம் ஒரு தடவை ஓ.பி. சீட்டும் நோட்டும் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். டாக்டருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மறுபடி செய்யத் தோன்றியதா? தோன்றியது என்று சொன்னால் பக்கத்தில் நிற்கும் அம்மா முகம் மாறும். அதனால் "இல்லை சார்" என்பாள்.

இடையில் யாராவது, மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்வார்கள். கரூர்க்காரர்களுக்குப் பக்கம்தானே. தயவுசெய்து அந்தக் காட்சியை மூடநம்பிக்கை என்று வில்லத்தனமாக எழுதிவிடாதீர்கள். ஒரு மண்டலம் தங்கி முகத்தில் தீர்த்தம் தெளித்துக்கொண்டு, கூடவே எங்கள் மாத்திரையும் ஒழுங்காகப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

தேறியதை எப்படிக் காட்டுவது என்று கேட்டீர்கள். எட்டு, பத்து மாதம் கழித்து ஒரு நாள் அவசரத்தில் அம்மா, "இந்த பீன்ஸை நறுக்கிக் குடு, ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு" என்று எல்லாவற்றையும் இவள் முன்னால் வைத்துவிட்டுப் போவாள். வைத்ததே அம்மாவுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும். அதை எழுதுங்கள். பீன்ஸ் வெந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுதுங்கள்.


முழுக்கை ரவிக்கை எழுதியது:

சிஸ்டருக்கு நன்றி. நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் இடது கையில் தழும்புகள் உண்டு. இப்போது ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன், கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான்.

பதிப்பகம் கேட்கிற காட்சி: எழுதாதீர்கள். நான் 16 வயதில் இப்படிப்பட்ட கதைகளைத் தேடித்தேடிப் படித்தேன். அந்தப் பெண் எப்படி மீண்டாள் என்ற பக்கத்துக்கு நான் போனதே இல்லை. எதை வைத்து, எங்கே, எப்படி மறைத்தாள் என்ற பக்கங்களைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். அதிர வேண்டிய வாசகர் அதிர்ந்துவிட்டு ஒரு காபி குடிப்பார். இன்னொருத்தி குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பதில், வீடு விழிக்கும் முன் எழுந்து தன் சீருடையைத் தானே துவைத்துக் கொடியில் போடும் பெண்ணைக் காட்டுங்கள். "பரவாயில்லையே, பொறுப்பு வந்துடுச்சே" என்று பாட்டி பாராட்டட்டும். எனக்கு அதைவிட அதிர்ச்சியான வரி தெரியாது.

தழும்பைப் பற்றி யாரும் சரியாக எழுதுவதில்லை. கதையில் அது எப்போதும் மங்கி, வெள்ளிக் கோடாகிவிடும். நம் தோலில் எல்லோருக்கும் அப்படி ஆகாது. சிலருக்குக் கறுத்துப்போகும், சிலருக்குத் தடித்து எழும்பும். சித்திரை வெயிலில் அரிக்கும். அதைவிட, நம் ஊரில் பெண்ணின் மணிக்கட்டு எல்லோருக்கும் பொது. வளையல்கடைக்காரர் கையைப் பிடித்து அமுக்கித்தான் வளையல் ஏற்றுவார். கல்யாண வீட்டில் மருதாணி வைக்கிற பெண் முழங்கை வரை கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொள்வாள். வளைகாப்பில் ஊரே வரிசையில் நின்று கையைப் பிடிக்கும். எனக்கு வளைகாப்பு நடந்தபோது ஒரு பெரியம்மா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வளையலைப் போட்டுவிட்டு, சந்தனத்தை எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடுதலாக அந்த இடத்தில் பூசிவிட்டுப் போனாள். இன்றுவரை அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

பொய்களையும் மறக்காதீர்கள். பள்ளித் தோழிக்கு எண்ணெய் தெறித்தது, ஹாஸ்டல் வார்டனுக்குக் கண்ணாடிக் கதவு, பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சின்ன வயதில் சைக்கிளில் விழுந்தது. யாரிடம் எதைச் சொன்னோம் என்பதுதான் பெரிய வேலை. இரண்டு பேர் ஒரே விசேஷத்தில் சந்தித்துவிட்டால் தீர்ந்தது. இதில் நகைச்சுவைகூட இருக்கிறது, பயப்படாமல் எழுதுங்கள். நாங்கள் சிரிப்போம்.

இனி, கதை எப்படி நகரும் என்ற உங்கள் கேள்வி. நான் வேலைக்குப் போய் என் காசில் ஒரு ஆலோசகரிடம் போனேன். தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்குத் தரும் டி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை முறையில் பயிற்சி பெற்றவர். அதை உருவாக்கிய மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர், 1961இல் 17 வயதில் ஹார்ட்ஃபோர்ட்டில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, தன்னைக் காயப்படுத்திக்கொண்டபடியே இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவர். பிற்காலத்தில் அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் அவர் கைத் தழும்புகளைப் பார்த்துவிட்டு, நீங்களும் எங்களில் ஒருவரா என்று கேட்டாளாம். 2011இல் அதே மருத்துவமனைக்குப் போய் நின்று, எல்லோர் முன்னிலும் ஆமாம் என்று சொன்னார். அங்கே சேர்ந்தபோது அவருக்கு உங்கள் தேன்மொழி வயது. அது கிடக்கட்டும்.

அந்தச் சிகிச்சையில் ஒன்று செய்வார்கள். மறுபடி நடந்துவிட்டால் திட்ட மாட்டார்கள், அழ மாட்டார்கள். நடந்ததிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கண்ணியாகப் போவார்கள். "அத்தை அப்படிச் சொன்னாங்க, அதனாலதான்" என்பேன். அதற்கு முன்னால்? பஸ் வரவில்லை, அரை மணி நேரம் நின்றேன். அதற்கு முன்னால்? மதியம் சாப்பிடவில்லை. ஏன்? டப்பாவைத் திறந்தால் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அவர் தலைக்குப் போட்டிருந்த எண்ணெயின் வாசனை. அந்த வாசனை வந்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். ஆலோசகரும் "அதற்கு முன்னால்?" என்று கேட்கவில்லை. அத்தை பாவம், அன்று சாம்பாரில் உப்பு கம்மி என்று மட்டும்தான் சொன்னார்.

பார்வதி, உங்கள் 150 பக்கத்துக்கு நடுவில் தேன்மொழிக்கு ஒரு முறை மறுபடி நடக்கத்தான் செய்யும். அந்த அத்தியாயத்தை இப்படிப் பின்னாலிருந்து எழுதிப் பாருங்கள். காயம் பக்கத்திலேயே வராது, எல்லாம் வந்துவிடும்.


பழைய பேப்பர் கடை எழுதியது:

எல்லோரும் சேர்ந்து இவரைச் சுகாதாரத் துறைத் துண்டறிக்கை எழுத வைக்கப் பார்க்கிறீர்கள். எதைக் காட்டலாம் எதைக் காட்டக் கூடாது என்று நர்ஸம்மா தீர்மானித்தால் இலக்கியம் எங்கே இருக்கும்? கொலையை எழுதுகிறோம், சாதிக் கலவரத்தை எழுதுகிறோம், இதற்கு மட்டும் என்ன திரை? என் கருத்து, காட்சியை எழுதுங்கள், முழுதாக எழுதுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் உடன்படுகிறேன்: அந்தக் காதல் பையன் வேண்டாம். அப்புறம் 150 பக்கம் எதற்கு? 60 போதும். தமிழில் எல்லோரும் இரண்டு மடங்கு எழுதுகிறார்கள்.


முழுக்கை ரவிக்கை எழுதியது:

பழைய பேப்பர் கடை ஐயா, கொலையைப் படித்துவிட்டு யாரும் பக்கத்து அறைக்குப் போய்ச் செய்து பார்ப்பதில்லை. இதைச் செய்வார்கள், நானே சாட்சி. திரை போடச் சொல்லவில்லை. கேமராவைக் கொடியில் காயும் சீருடைப் பக்கம் திருப்பச் சொன்னேன். 60 பக்கம் என்பது நல்ல யோசனை.


பாதிநாவல் பார்வதி எழுதியது:

இரண்டு நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சிஸ்டர், தாய்மாமன்தான். நீங்கள் கேட்ட பிறகு வேறு யாராகவும் இருக்க முடியவில்லை. ஆல்பத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். அம்மா அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கூர்மையான பொருட்களைப் பூட்டி வைப்பதும் அதே தட்டில்தான். ஒவ்வொரு முறை சாவி திரும்பும்போதும் தேன்மொழிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வெளியே வரும்.

அவள் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. அம்மா கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிறாள், மாமா தினமும் டிஃபன் கொண்டு வருகிறான். இதில் எனக்கு ஒரு சந்தேகம். ஓ.பி.யில் டாக்டர் அவளைத் தனியாகப் பார்க்க வழி உண்டா? அவள் 18 முடிவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். போலீஸ் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

பழைய பேப்பர் கடை, காட்சியை எழுதப் போவதில்லை. பதிப்பகத்துக்கும் சொல்லிவிட்டேன். அவர்கள் யோசிப்பதாகச் சொன்னார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.


வார்டு சிஸ்டர் எழுதியது:

மாமா டிஃபன் கொண்டு வருகிறானா! நர்ஸ் கவனிப்பாள், பார்வதி. அவன் வந்துவிட்டுப் போன பின் அந்தப் பெண் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று நோட்டில் எழுதுவாள். அந்த இட்லி அப்படியே இருக்கும்.

தனியாகப் பார்க்க வழி உண்டு. மனசு இருக்கிற டாக்டர் என்றால் அம்மாவிடம், "மருந்துச் சீட்டை ஃபார்மஸில குடுத்து வரிசைல நில்லுங்கம்மா, பாப்பா இங்க இருக்கட்டும்" என்பார். ஃபார்மஸி வரிசை எப்படியும் முக்கால் மணி நேரம். பெண் நர்ஸ் ஒருத்தி கூட இருப்பாள். ஆனால் அந்த முதல் தடவையே சொல்ல மாட்டாள். மூன்றாவது, நான்காவது ரிவ்யூவில், அதுவும் நேராகச் சொல்ல மாட்டாள். "சார், நான் சொன்னா எங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்பாள். தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று டாக்டர் பொய் சொல்லக் கூடாது, சட்டம் என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்ட பின்னும் அவள் சொல்வாளா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், அது என் வேலை இல்லை.

ஒரு சின்ன விஷயம். கதை 2019 என்பதால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் கதைக்குள் வர முடியாது, அது 2022 அக்டோபரில்தான் வந்தது. அப்போது 104 என்ற அரசு மருத்துவ உதவி எண் இருந்தது, பரீட்சை ரிசல்ட் நேரத்தில் பிள்ளைகள் அதில் கூப்பிடுவார்கள். ஆனால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் டெலி மானஸ் 14416 என்று போட்டுவிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. பதிப்பகம் அதற்கும் யோசிக்கிறேன் என்றால் வேறு பதிப்பகம் பாருங்கள்.